மூன்றாம் பக்கத்தில் நின்ற வாசகர்கள்: சிறுவர் எழுத்தாளர்–நூலகர் உரையாடல் தொடர், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் நடந்த உரையாடல் தொடரைப் பற்றிய பதிவு இது. மாதம் ஒருமுறை ஒரு சிறுவர் எழுத்தாளரும் ஒரு நூலகரும் குழந்தைகளோடு உட்கார்ந்து வாசிப்பின் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவார்கள். ஏற்பாடு அவ்வளவுதான். தொடரை நடத்திய சிறு குழுவில் நானும் இருந்தேன். அமர்வுகளில் குறிப்பெடுப்பதும் அதன்பின் நடந்த ஆலோசனைகளை எழுதிவைப்பதும் என் பொறுப்பு. யாருடைய பெயரும் இங்கே இல்லை. குழந்தைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

சிறுவர் பகுதியின் நூலகர் நெடுநாளாகக் கவனித்து வந்த ஒரு விஷயத்திலிருந்துதான் இந்தத் தொடர் பிறந்தது. படப் புத்தக வயதில் குழந்தைகள் ஓடிவந்து எடுத்துப் போகிறார்கள். ஒன்பது, பத்து வயதில் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. உறுப்பினர் அட்டை இருக்கும், பெற்றோரோடு நூலகத்துக்கு வரவும் செய்வார்கள். புத்தகம் எடுத்தும் போவார்கள். ஆனால் திரும்பி வரும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் படித்த அடையாளமே தெரியாது. தவணைச் சீட்டில் மட்டும் தேதிகள் வரிசையாக விழுந்திருக்கும். நூலகரின் வார்த்தையில் சொன்னால், "புத்தகம் பயணம் போயிட்டு வருது, யாரும் பார்க்கல."

இந்த வயதில் இப்படி நடப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. படம் குறைந்து எழுத்து கூடுகிறது. ஒரே மூச்சில் முடிந்த கதை அத்தியாயங்களாக நீள்கிறது. அதுவரை மடியில் வைத்து வாசித்துக் காட்டிய பெரியவர்கள், "இனி நீயே படி" என்று ஒதுங்கிக்கொள்வதும் இதே சமயத்தில்தான். கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் படித்துப் புரிந்துகொள்ளும் திறனைவிடப் பல வருடம் முன்னால் ஓடும். காதால் கேட்டு ரசிக்கிற கதையைக் கண்ணால் படிக்க முடியாமல் ஒரு குழந்தை திணறுவது சாதாரணம். அந்த இடைவெளியில் துணைக்கு ஆள் இல்லாமல் போனால், குழந்தை புத்தகத்தைக் குறை சொல்லாது. தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளும்.

ஆகவே, எழுத்தாளர்களை அழைத்துப் பேச வைக்கலாம் என்று முடிவானது. நோக்கம் என்ற இடத்தில் "வாசிப்பின் இன்பத்தைக் குழந்தைகளுக்கு உணர்த்துதல்" என்று எழுதப்பட்டது.

முதல் அமர்வு

வந்திருந்த எழுத்தாளர் அனுபவசாலி, நன்றாகப் பேசக்கூடியவர். தன் சிறுவயது வாசிப்பைப் பற்றியும், ஒரு புத்தகம் எப்படி வாழ்க்கையை மாற்றும் என்பதைப் பற்றியும் பேசினார். பெரியவர்கள் ரசித்துக் கேட்டார்கள். குழந்தைகள் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள், ஓரத்தில் ஆசிரியர்கள் நின்றார்கள். கேள்வி நேரத்தில் குழந்தைகள் எழுந்து துண்டுச் சீட்டைப் பார்த்துப் படித்தார்கள். "நீங்கள் எழுத்தாளராகக் காரணமாக இருந்தது எது?" என்ற கேள்வி வெவ்வேறு பிள்ளைகளிடமிருந்து அதே சொற்களில் திரும்பத் திரும்ப வந்தது. எழுத்தாளர் ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தார்கள், எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தது என்றுதான் பொதுவாகப் பேச்சு. என் குறிப்பில் வேறு இரண்டு விஷயங்கள் இருந்தன.

அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தைகள் உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தது ஒரே ஒரு முறை. எழுத்தாளர் தன் கதை ஒன்றிலிருந்து இரண்டு பக்கம் வாசித்துக் காட்டியபோது. செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பையன் கையை அப்படியே நிறுத்திவிட்டு வாயைப் பார்த்தான். வாசிப்பு முடிந்து மறுபடி "புத்தகங்கள் நமக்கு நண்பர்கள்" என்று பேச்சு தொடங்கியதும் கை பழையபடி செருப்பு வாருக்குப் போய்விட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு சிறுமி நூலகரிடம் ஓடிவந்து, "மிஸ், அவங்க படிச்ச கதை இங்க இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. ஆனால் ஊழியர்கள் எல்லாரும் அரங்கில் இருந்ததால் புத்தகம் வழங்கும் கவுன்ட்டர் மூடியிருந்தது. அதுவும் ஒரே பிரதி. "நாளைக்கு வாம்மா, எடுத்து வைக்கிறேன்" என்றார் நூலகர். நூலகரும் எடுத்து வைத்துக் காத்திருந்தார். அந்தச் சிறுமி மறுநாள் வரவில்லை, அந்த வாரமும் வரவில்லை.

நூலகவியலின் ஐந்து விதிகளை எஸ். ஆர். ரங்கநாதன் நூலாக வெளியிட்டது 1931-இல். புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நான்காவது. இந்த நான்காவது விதியைப் பெரும்பாலும் அட்டவணை, அடுக்குமுறை பற்றிய பேச்சில்தான் எடுப்பார்கள். குழந்தைகள் விஷயத்தில் அதற்கு இன்னும் கூர்மையான பொருள் உண்டு என்பது என் எண்ணம். குழந்தையின் ஆசைக்கு ஆயுள் குறைவு. இன்று மாலை கையில் கிடைக்காத புத்தகம், பெரும்பாலும் அதற்குப் பிறகு கிடைப்பதே இல்லை.

இரண்டாவது அமர்வு: சீட்டில் இல்லாத கேள்வி

அடுத்த மாதம் வந்தவர் படக்கதைகளும் சிறு நாவல்களும் எழுதுகிற ஒரு பெண் எழுத்தாளர். அமைப்பு பழையபடிதான். சீட்டுக் கேள்விகள் முடிகிற நேரத்தில், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் பிள்ளை சீட்டு இல்லாமல் எழுந்தாள். வயது பன்னிரண்டு இருக்கும்.

"ஆன்ட்டி, ஒரு புக் போர் அடிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

எழுத்தாளர் யோசிக்கவே இல்லை. "மூடி வச்சிடுவேன். போன வாரம்கூட ஒண்ண வச்சிட்டேன்."

அரங்கில் ஒரு சலசலப்பு. ஓரத்தில் நின்ற ஆசிரியர் ஒருவர், "ஆனா முயற்சி பண்ணி முடிக்கணும், இல்லையா மேடம்?" என்று எடுத்துக்கொடுத்தார். எழுத்தாளர் கொஞ்சம் தயங்கிவிட்டு, சில புத்தகங்களைப் பிறகு எடுத்து முடித்திருப்பதாகவும், சிலவற்றைத் திரும்பத் தொட்டதே இல்லை என்றும் சொன்னார். பக்கத்தில் இருந்த நூலகர், "நானும் அப்படித்தான். இவ்வளவு புத்தகத்துக்கு நடுவுல உட்கார்ந்திருக்கேன், எல்லாத்தையுமா முடிக்க முடியும்?" என்றார்.

அப்புறம் நடந்ததை எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் கையைத் தூக்க ஆரம்பித்தார்கள். யாரும் கேட்காமலே, தாங்கள் பாதியில் விட்ட புத்தகங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருத்தி பேய்க்கதையை இரவில் விட்டுவிட்டு, பகலில்கூட அந்த அலமாரிப் பக்கம் போவதில்லை என்றாள். ஒருவன் தன் அண்ணன் முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டான் என்றான். முதல் அமர்விலிருந்து வாயே திறக்காத ஒரு பையன், பத்து வயது இருக்கும், எழுந்து நின்று, "நான் எல்லா புக்கையும் மூணாவது பக்கத்துல விட்டுடுவேன்" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். எழுத்தாளர் சிரிக்கவில்லை. "சரி கண்ணா, மூணாவது பக்கத்துல என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

"நெறைய பேரு வருவாங்க. யாரு யாருன்னு மறந்துடும்."

நூலகர் உடனே தன் கையேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு கேட்டபோது சொன்னார், இரண்டு வருடமாக அந்தப் பையனின் அட்டையில் வாரம் தவறாமல் புத்தகம் போய்வருகிறது, அவனுக்கு என்ன சிக்கல் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது என்று. "படிச்சியா?" என்று கேட்கும்போதெல்லாம் அவன் "ம்" என்றிருக்கிறான். அந்தக் கேள்விக்கு வேறு எந்தப் பதிலும் பாதுகாப்பானது இல்லையே.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அந்த அமர்வுக்குப் பிறகு குழு நீண்ட நேரம் பேசியது. பங்கேற்றவர்களில் ஒருவர் பள்ளி நூலகம் ஒன்றை நடத்துபவர். அவருடைய எதிர்ப்பை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது வலுவானது. "பாதில விடலாம்னு மேடையில சொல்லிட்டோம். சில புத்தகங்கள் மெதுவாத்தான் திறக்கும். ஐம்பது பக்கம் பொறுத்தாத்தான் சுகம் தெரியும். அந்தப் பொறுமைய யார் கத்துக்கொடுக்கப் போறா?" என்றார். வீட்டில், வகுப்பில், எங்கும் எதையும் முடிக்காத பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவர் அவர்.

சிறுவர் பகுதி நூலகர் இதை மறுக்கவில்லை. ஆனால் வேறொரு கோணத்தைச் சொன்னார். முடிக்காமல் விடுவது ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் அனுமதி கேட்டு விடுவதில்லை. வித்தியாசம், அதை வெளியே சொல்ல முடிகிறதா இல்லையா என்பதில் மட்டும்தான். சொல்ல முடிந்தால் அடுத்த புத்தகத்தைச் சரியாகத் தேர்ந்து கொடுக்கலாம். சொல்ல முடியாவிட்டால் பிள்ளை வெறும் பையைச் சுமந்துகொண்டு போய்வரும்.

பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் பல காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1992-இல் வெளிவந்த தன் நூலில் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். படிக்காமல் இருக்கும் உரிமையில் தொடங்கும் அந்தப் பட்டியலில், பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, முடிக்காமல் விடும் உரிமை, திரும்பப் படிக்கும் உரிமை எல்லாம் உண்டு. குழுவில் முடிக்காமல் விடும் உரிமையைச் சுற்றித்தான் வாதம் நடந்தது. எனக்கு என்னவோ பத்தாவது உரிமைதான் இந்தத் தொடருக்கு அதிகம் தேவைப்பட்டதாகத் தோன்றுகிறது: படித்ததைப் பற்றிப் பேசாமல் இருக்கும் உரிமை. துண்டுச் சீட்டு கொடுத்துப் பேச வைத்தபோது நாங்கள் பறித்தது அதைத்தான்.

முதல் முடிவு சீட்டும் சான்றிதழும் வேண்டாம் என்பது. சான்றிதழை நிறுத்துவதில் தயக்கம் இருந்தது. பள்ளிகள் அதற்காகத்தான் பிள்ளைகளை அனுப்புகின்றன என்றார்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு அப்போது பேச்சில் வந்தது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று ஒரு பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. நாட்கள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிரிவுக் குழந்தைகள் சுதந்திரமான நேரத்தில் வரைந்தது மற்றவர்களில் ஏறக்குறையப் பாதி அளவுதான். முன்னால் சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை. ஆசையாகச் செய்வது ஒரு பரிசுக்காகச் செய்கிற காரியமாக மாறிவிட்டால் ஆசை மங்குகிறது. மகிழ்ச்சிக்காகப் படி என்று சொல்லிவிட்டு கையில் சான்றிதழைத் திணிப்பது முரணாக இருந்ததால் அதை விட்டோம்.

அடுத்தது, எழுத்தாளர் பேசுவதைவிட வாசிப்பது அதிகமாக இருக்க வேண்டும், வாசிப்பைச் சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிட வேண்டும், அந்தப் புத்தகத்தின் பல பிரதிகள் அரங்குக்குள்ளேயே இருக்க வேண்டும், கவுன்ட்டர் மேசை அரங்கின் வாசலுக்கே வந்துவிட வேண்டும். இதற்கு எதிர்ப்பே இல்லை. பிரதிகளுக்கு நிதி தேடுவதுதான் பாடாக இருந்தது.

மூன்றாவது முடிவு ஒரு நோட்டுப் புத்தகம். "நிறுத்திய இடம்" என்று அட்டையில் எழுதி, சிறுவர் பகுதியில் கவுன்ட்டர் பக்கமாக வைக்கப்பட்டது. பாதியில் விட்ட புத்தகத்தின் பெயர், எந்தப் பக்கம், அங்கே என்ன இருந்தது. இவ்வளவு எழுதினால் போதும். எழுதுபவர் பெயர் கூடாது. பெயர் வேண்டாம் என்பதில் நூலகர் பிடிவாதமாக இருந்தார். பள்ளி நூலகர் இங்கே ஒரு திருத்தம் சொன்னார்: "ஏன் விட்டாய்" என்று கேட்கக் கூடாது, "எங்கே விட்டாய்" என்றுதான் கேட்க வேண்டும். குழந்தைகளோடு புத்தகம் பேசும் முறையைப் பற்றி எழுதிய எய்டன் சேம்பர்ஸும் "ஏன்" என்ற கேள்வியைத் தவிர்க்கத்தான் சொல்கிறார். அது விசாரணை போல ஒலிக்கும், பிள்ளை உடனே காரணம் தயாரிக்கத் தொடங்கிவிடும். எதிர்த்துப் பேசியவரிடமிருந்தே வந்த இந்தத் திருத்தம்தான் நோட்டைக் காப்பாற்றியது என்பேன்.

நோட்டு சொன்னவை

முதல் சில வாரங்கள் விளையாட்டாகத்தான் போனது. ஒருவன் பாடப் புத்தகத்தின் பெயரை எழுதி, "முதல் பக்கம்" என்று போட்டிருந்தான். நூலகர் அதைக் கிழிக்கவில்லை. மெதுவாக வேறு வகைக் குறிப்புகள் சேர்ந்தன. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி, சிலவற்றை அப்படியே தருகிறேன்.

"12-ஆம் பக்கம். மழை பெய்யுது, பெய்யுது, இன்னும் பெய்யுது."

"27. தாத்தா அறிவுரை சொல்ல ஆரம்பிச்சிட்டார்."

"எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு. வரி மாறிப் போயிடுது."

"40. நாய் காணாமப் போச்சு. அடுத்த பக்கத்துல எல்லாரும் ஊருக்குப் போறாங்க. நாய் என்ன ஆச்சு?"

இவற்றைப் படித்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. பிள்ளைகள் சோம்பலால் விட்ட புத்தகங்கள் மிகக் குறைவு. பெரும்பாலான இடங்களில் ஒரு குறிப்பிட்ட தடை இருந்தது. முதல் சில பக்கங்களிலேயே பெயர்கள் குவிவது, கதை நகராமல் வர்ணனை நீள்வது, கதாபாத்திரத்தின் வாயில் ஆசிரியர் ஏறி உட்கார்ந்துகொள்வது, அச்சு நெருக்கமாக இருப்பது. கடைசிக் காரணம் எழுத்தாளர் கையிலும் இல்லை, வாசகர் கையிலும் இல்லை. சிறுவர் பகுதி நூலகர் அடுத்த கொள்முதல் பட்டியலைப் போடும்போது, புத்தகத்தைத் திறந்து எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார். நல்ல கதை என்று பெயர் பெற்ற சில புத்தகங்களை வேறு பதிப்பில் தேடி வாங்கினார்.

அடிக்கடி எழுதப்பட்ட பக்கங்களை அமர்வுக்கு வரும் எழுத்தாளர்களிடம் முன்கூட்டியே காட்டினோம். இதில் ஒரு சங்கடம் நேர்ந்தது. நான்காவது அமர்வுக்கு ஒப்புக்கொண்டிருந்த எழுத்தாளர் நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். நாய் காணாமல் போன கதை அவருடையது.

கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை. வருத்தம் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. அமர்வை ரத்து செய்துவிடுவாரோ என்று நினைத்தோம். அவர் கேட்டது, அந்தப் புத்தகத்தையே அன்று வாசிக்கலாமா என்று. அமர்வில் நாற்பதாம் பக்கம் வரை வாசித்து, நிறுத்தி, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இந்த இடத்துல ஒருத்தர் நிறுத்திட்டாங்க. எனக்கு அவங்க யாருன்னு தெரிய வேண்டாம். நீங்க எல்லாரும் சொல்லுங்க, இப்ப உங்களுக்கு என்ன தெரியணும்?"

"நாய்!" என்று அரங்கமே கத்தியது.

நாய் கடைசி அத்தியாயத்தில் திரும்பி வரும் என்றும், அதுவரை மறைத்து வைத்தால் ஆவல் கூடும் என்று தான் எண்ணியதாகவும் அவர் விளக்கினார். ஒரு சிறுவன் எழுந்து, "அங்கிள், ஆவல் கூடல. நீங்களே மறந்துட்டீங்கன்னு நெனச்சோம்" என்றான். எழுத்தாளர் தலையாட்டினார். கதையில் யாராவது ஒருவர் நாயைத் தேடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும், அப்படி இருந்திருந்தால் நீங்கள் காத்திருப்பீர்கள், இல்லையா என்று கேட்டார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அங்கே நடந்தது, ஆவல் எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றி எழுதுபவருக்கும் படிப்பவர்களுக்கும் நடந்த சரிசமமான பேச்சு. வாசிப்பின் இன்பம் என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. இந்தத் தொடர் முழுவதிலும் நான் மிகவும் மதிக்கிற அரை மணி நேரம் அதுதான். அன்று அந்தப் புத்தகத்தின் பிரதிகள் ஒன்றுகூட மேசையில் மிஞ்சவில்லை.

மூன்றாம் பக்கத்துப் பையன்

பெயர்கள் மறந்துபோகும் பையனுக்கு நூலகர் முதலில் கொடுத்தது கதைப் புத்தகமே இல்லை. பூச்சிகளைப் பற்றிய ஒரு பெரிய படப் புத்தகம். எங்கே திறந்தாலும் அங்கிருந்து படிக்கலாம், யாரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வாரம் அதையே மறுபடி கேட்டான். அதற்கடுத்த வாரமும். "வேற எடுத்துக்கோ" என்று நூலகர் சொல்லவில்லை.

பையனின் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "மேடம், இவன் அஞ்சாவது படிக்கிறான். இன்னும் பொம்ம புக்கையே குடுத்துட்டு இருக்கீங்களே. பொது அறிவு மாதிரி உபயோகமா ஏதாவது குடுங்க" என்றார். கூடவே, நோட்டில் தன் மகன் எழுதியது எது என்று காட்டச் சொன்னார். நூலகர் மரியாதையாக மறுத்தார். "அதுல யார் பேரும் இல்ல சார். இருந்தாலும் காட்ட மாட்டேன். பெரியவங்க என்ன எடுக்கறாங்கன்னு நான் வெளிய சொல்ல மாட்டேன் இல்லையா, பசங்களுக்கும் அதேதான்." சர்வதேச நூலகக் கூட்டமைப்பான இஃப்லா 2012-இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறையும் பயனாளரின் தனியுரிமையை நூலகரின் கடமையாகச் சொல்கிறது. குழந்தை விஷயத்தில் பெற்றோரின் அக்கறைக்கும் இதற்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே என்பது எளிய கேள்வி இல்லை. இந்த நூலகர் குழந்தையின் பக்கம் நின்றார், நான் அதை ஆதரிக்கிறேன். தன்னைப் பற்றிய தகவல் வீட்டுக்குப் போகும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் அந்த நோட்டில் உண்மையை எழுதாது.

மறுத்ததோடு நூலகர் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தப் பூச்சிப் புத்தகத்தைத் திறந்து, "இதுல இருக்கறதும் பொது அறிவுதானே சார், நீங்களே ஒரு பக்கம் பாருங்க" என்று அப்பாவிடம் நீட்டினார். எறும்புகள் வாசனைத் தடம் விட்டு வழி காட்டுவதைப் பற்றிய பக்கம். அப்பா நின்றபடியே படித்தார். பையன் பக்கத்தில் வந்து, "அடுத்த பக்கத்துல வண்டு இருக்குப்பா" என்றான். அவன் கையால் அடுத்த பக்கம் புரட்டப்பட்டது.

அதற்குப் பிறகு அப்பா பெரிய வாசகராக மாறிவிடவில்லை. தனக்கென்று உறுப்பினர் அட்டை எடுக்கச் சொன்னபோது நேரமில்லை என்றுதான் சொன்னார். ஆனால் மகன் எடுக்கும் புத்தகத்தை வாங்கிப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

பூச்சிப் புத்தகத்துக்குப் பிறகு இரண்டே இரண்டு கதாபாத்திரங்கள் வருகிற குட்டிக் கதைகளின் வரிசை ஒன்றை நூலகர் அறிமுகப்படுத்தினார். ஒரே ஆட்கள் எல்லாப் புத்தகத்திலும் வருவதால் ஒருமுறை பழகினால் போதும். வரிசைப் புத்தகங்களைத் தரம் குறைந்தவை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. தடுமாறும் வாசகனுக்கு அவை செய்யும் உதவியை வேறு எதுவும் செய்வதில்லை: ஆட்கள் தெரிந்தவர்கள், இடம் தெரிந்தது, புதிதாகப் புரிய வேண்டியது கதை மட்டும். அவற்றில் சிலதை முடித்தான். நடுவே ஒரு பெரிய நாவலை எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுத்தபோது, கேட்காமலே சொன்னான்: "மிஸ், பதினெட்டாவது பக்கம்." காகிதத்தில் கதாபாத்திரங்களின் பெயரை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளும் வழியை நூலகர் அன்று சொல்லிக்கொடுத்தார்.

விளைந்தவையும் விளையாதவையும்

தொடரின் முடிவில் அந்தப் பையன் கனமான நாவல்களைப் படிக்கவில்லை. பூச்சிகள், படக்கதைகள், வரிசைக் கதைகள், அவ்வளவுதான். ஆனால் யாரும் அழைத்துவராமல் தானாக வருகிறான். முதல் அமர்வில் கேட்டுவிட்டுப் போன அந்தச் சிறுமி திரும்பி வரவே இல்லை. இரண்டையும் இந்தப் பதிவில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சான்றிதழ் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பள்ளி பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தியது. கூட்டம் குறைந்தது, ஆனால் குறைந்த கூட்டத்தில் பேச்சு நன்றாக நடந்தது. பதின்மூன்று வயதைத் தாண்டியவர்களை இந்தத் தொடர் கடைசிவரை ஈர்க்கவில்லை. சிறுவர் பகுதி என்ற பலகையே அவர்களை வாசலில் நிறுத்திவிடுகிறது.

பொறுமையைப் பற்றிய கேள்வி தீர்ந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. பாதியில் விட்ட புத்தகத்தைப் பின்னர் எடுத்து முடித்தவர்கள் நோட்டில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள். அப்படிச் சில கோடுகள் உண்டு, நாய்க் கதையின் பக்கத்தில் உட்பட. கோடு விழாத குறிப்புகளே அதிகம். பள்ளி நூலகர் தன் கருத்தை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை. தன் பள்ளியிலும் இப்படி ஒரு நோட்டைத் தொடங்கினார். அதில் "எங்கே நிறுத்தினாய்" என்பதோடு "திரும்ப வருவாயா" என்று ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறார்.

நாங்கள் கணக்கில் எடுக்காத சுமை நூலகரின் நேரம். ஒரு பிள்ளையிடம் நின்று பேசி, அதன் தடையைப் புரிந்து, சரியான புத்தகத்தைத் தேடி எடுக்கக் கால் மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் கவுன்ட்டரில் வரிசை நீளும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்ற ரங்கநாதனின் இரண்டு விதிகளும் ஒரு ஆளின் கால் மணி நேரத்தில்தான் நிறைவேறுகின்றன. அந்த நேரத்தை யாராவது நூலகருக்கு ஒதுக்கிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த தொடரில் மாற்ற வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முன்னால் பெற்றோருக்கு ஒரு அமர்வு வேண்டும். "உபயோகமான புத்தகம்" என்ற எதிர்பார்ப்பை மேடையிலிருந்து மறுத்துப் பேசினால் பயன் இல்லை. அந்த அப்பாவுக்கு நடந்ததைப் போல, பிள்ளை விரும்பும் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பெற்றோர் கையில் கொடுத்துப் படிக்கச் செய்வதே போதும் என்று நினைக்கிறோம்.

கதை எழுதுபவர்களை மட்டுமே அழைத்தது ஒரு குறை. அறிவியல், இயற்கை, இயந்திரங்கள் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதுபவர்களும் ஓவியர்களும் பாதி அமர்வுகளிலாவது இருக்க வேண்டும். கதை பிடிக்காத பிள்ளையை வாசிக்கப் பிடிக்காத பிள்ளை என்று முத்திரை குத்துவது அப்போதுதான் குறையும்.

அமர்வு நாளில் கவுன்ட்டருக்குத் தனியாக ஒருவரை அமர்த்தி, சிறுவர் பகுதி நூலகரை அலமாரிகளுக்கு நடுவே விட்டுவிட வேண்டும். எழுத்தாளரின் புத்தகப் பிரதிகளை அமர்வுக்கு ஒரு மாதம் முன்பே வாங்கிப் பதிவெண் போட்டு முடித்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் வந்த பிரதிகளைப் பதிவு செய்யாமல் கொடுக்க முடியாது என்று இரண்டு அமர்வுகளில் பிள்ளைகள் காத்திருக்க நேர்ந்தது. பதின்ம வயதினருக்குத் தனி நேரமும் தனி இடமும் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். நோட்டு அப்படியே தொடர்கிறது. முதல் நோட்டு நிரம்பிவிட்டதால், இரண்டாவதை நூலகர் பெரிய கட்டங்களோடு தைத்து வைத்திருக்கிறார்.